பதினான்கு கட்டங்களுக்கு அப்பால் ஒரு கப்பல்

கப்பலைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஆடி மாதத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா, "நேரம் சரியில்ல" என்பாள். அக்கா, "யாரு என்ன பண்றது, விடு" என்பாள். அக்கா வீட்டுக்கார மாமா எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் பார்ப்பார். மூன்று பேரும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா மகள் பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. குக்கர் விசில், கல்யாண மண்டப மைக், யாராவது திடீரென்று தும்முவது என எல்லாமே அவள் காதில் ஊசியாக இறங்கும். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாலே, முதல் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருப்பாள். புது அறை, புது மின்விசிறிச் சத்தம், புதுத் தட்டு. கல்யாணமாகி அக்கா எங்கேயும் போனதில்லை. மாமா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. லீவு எடுப்பதென்றால் மகளை டாக்டரிடம் கூட்டிப்போகத்தான்.

ஒருநாள் என் போனில் கப்பல் வீடியோ ஒன்று தானாக ஓடியது. பெரிய கப்பல் ஒன்றின் பின்பக்கம், நீலத் தண்ணீரில் வெள்ளையாக நுரைக்கோடு போட்டுக்கொண்டே போகிறது. பாப்பா அதை நாற்பது முறை பார்த்தாள். நான் எண்ணினேன். நாற்பதாவது முறை போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை என் தொடைமேல் வைத்துக் கோடு இழுத்தாள். மெதுவாக, நேராக.

எனக்கு அது போதும். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் செருப்புப் போடுவதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பேன். அன்றைக்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கப்பல்தான் சரி என்று தோன்றியது. சுற்றுலா என்றால் தினமும் ஒரு லாட்ஜ், ஒரு கட்டில். கப்பலில் இடம்தான் மாறும், அறை மாறாது. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். அதே தலையணை, அதே தட்டு, ஜன்னலில் மட்டும் தண்ணீர் நகரும். இவளுக்காகவே யாரோ யோசித்துக் கட்டிய மாதிரி இருந்தது.

என் வேலை வெப்சைட்களில் தப்புக் கண்டுபிடிப்பது. பெரம்பலூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, எந்த பட்டனை அமுக்கினால் எது உடைகிறது என்று எழுதி அனுப்புவேன். அதே மாதிரி கப்பல்களையும் பிரித்து மேய்ந்தேன். கொச்சியிலிருந்து ஒன்று, மும்பையிலிருந்து ஒன்று. இரண்டுக்கும் ரயிலில் நெடுநேரம் போக வேண்டும், கழித்தாயிற்று. சென்னையிலிருந்து இரண்டு இரவு கடலுக்குள் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் கப்பல் ஒன்று இருந்தது. பால்கனி அறை வேண்டாம், ஏறிவிடுவாள். திறக்க முடியாத வட்ட ஜன்னல் உள்ள அறை. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். அங்கேதான் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில் கூடாது, மணி அடிக்கும். சமையலறைக்கு மேலே கூடாது.

சென்னையில் இருந்த டிராவல் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன்.

"மேடம், பாப்பாவுக்கு கிட்ஸ் கிளப் இருக்கு, டிஜே இருக்கு, ஃபுல் சவுண்டு. செமையா என்ஜாய் பண்ணும்."

"சவுண்டு இல்லாத எடம் எங்க இருக்குன்னு சொல்லுங்க சார்."

"மேடம், சவுண்டு வேணாம்னா எதுக்கு மேடம் கப்பலு? வூட்லயே இருக்கலாமே?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. சாப்பாட்டுக்கூடம் எத்தனை மணிக்குக் காலியாக இருக்கும், தயிர்சாதம் தனியாகக் கிடைக்குமா, ஏறிய அன்று எல்லோருக்கும் நடத்தும் உயிர்காப்பு அங்கிப் பயிற்சியில் சைரன் எத்தனை முறை அடிக்கும் என்று மூன்று நாள் அவரைப் படுத்தி எடுத்தேன். ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக. அந்தச் சைரனையும் தேடி எடுத்து, சத்தத்தை அடக்கும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி, பாப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க அக்காவிடம் கொடுத்தேன். படிவத்தில் 'சிறப்புத் தேவைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. உறவுக்காரர்கள் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அதில் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

இங்கே கார்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பா வாரம் இரண்டு நாள் அரியலூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போகிறாள். அங்கே உள்ள டீச்சர்தான் கார்டுகளைப் பழக்கியவர். தண்ணீர், சோறு, பள்ளிக்கூடம், குளியல், பஸ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ ஒட்டுத்துணி வைத்தது. வீட்டுச் சுவரில் ஒரு நீளப் பட்டை. அதில் வரிசையாக ஒட்டியிருப்பதுதான் அன்றைய நாள். ஒன்று முடிந்ததும் பாப்பா அதை எடுத்துக் கீழே இருக்கும் டப்பாவில் போடுவாள். ஏதாவது வேண்டுமென்றால் அந்தக் கார்டைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். அதற்கு முன்பெல்லாம் தாகம் எடுத்தால் தன் மணிக்கட்டைக் கடிப்பாள். தழும்பு இன்னும் இருக்கிறது. முதன்முதலாகத் தண்ணீர்க் கார்டைக் கொண்டுவந்து மாமா கையில் வைத்த அன்று, மாமா தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாராம். அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாராம். அக்கா சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் ஒரு விதி சொல்லியிருந்தார். நான் கூடப் போயிருந்த நாளில்தான் சொன்னார். "ஒட்டுனா நடக்கணும். நடக்கும்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் ஒட்டணும். 'ஒருவேள'ங்கிறத இவளுக்கு இன்னும் சொல்லிக்குடுக்கலம்மா. இவளப் பொறுத்தவரைக்கும் பட்டையில இருக்கிறது சத்தியம்."

தலையாட்டினேன். நோட்டில்கூட எழுதிக்கொண்டேன்.

தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா ஒருநாள் போனில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"என்னா புள்ள, கப்பலு கப்பலுங்கிறாளே ஒங்கக்கா. ஆடியிலயா பாக்குற?"

"ஆமாங்க மாமா, அப்பதான் கூட்டம் கம்மியா ஒரு தேதி இருக்கு."

"இந்த வருசம் நான் காப்பு கட்டிக்கிறேன். சட்டி எடுக்குறதா வேண்டுதல். ஊரு கூடி இன்னும் நாளு வெக்கல. வெச்சதும் சொல்றேன், அதுக்கு முன்னாடி போட்டுடாத."

"சரிங்க மாமா. சூப்பர் மாமா."

பேசிக்கொண்டே கீழ்த்தள வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடிய அந்த நடு அறைக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், 'இன்னும் ஒரே ஒரு அறைதான்' என்று மின்னிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிச் சிவப்பு எழுத்துகளை நானே எத்தனையோ தளங்களில் சோதித்திருக்கிறேன். நூறு அறை காலியாக இருந்தாலும் 'ஒன்றுதான்' என்று காட்ட வைக்கலாம். தெரியும். தெரிந்தும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஊர்க் கோயிலில் காப்பு கட்டினால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து கேட்டதுதான். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் ஜெயங்கொண்டம் போகலாம், ஷிஃப்ட் பார்க்கலாம். பொழுது சாய்ந்தால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். கையில் மஞ்சள் கட்டிக்கொண்டு சட்டி எடுப்பவருக்கு இன்னும் கறார். ஆனால் பெரம்பலூரில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு ஊர். அங்கே வளர்ந்தவளுக்கு அது ஒரு விவரம் மட்டும்தான். சைரன் எத்தனை முறை அடிக்கும் என்று கேட்கத் தெரிந்தவளுக்கு, ஊர் என்றைக்குக் கூடும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்துப் போனேன். பையில் நானே செய்த கப்பல் கார்டு, மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியது. கூடவே பதினான்கு சின்னக் கட்டங்கள் உள்ள ஒரு அட்டை. தினமும் சாயங்காலம் ஒரு கட்டத்தைக் கிழிக்க வேண்டும், எல்லாம் கிழிந்த மறுநாள் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். மாமா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"அவருகிட்ட கேட்டுட்டியாடி?"

"பேசிட்டேங்க்கா."

பேசினேன் என்பது உண்மைதான். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

பாப்பா கார்டைப் பார்த்தாள். விரலால் கப்பலின் பின்பக்கத்தைத் தொட்டாள். கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, திரும்பவும் கப்பலைத் தொட்டாள். அப்புறம் முதல் கட்டத்தைக் காலையிலேயே கிழிக்கப் போனாள். "சாயந்தரம், சாயந்தரம்" என்று கையைப் பிடித்தேன். சாயங்காலம் வரை அந்த அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்து, "இவ எதுக்கும் இப்படிக் காத்திருந்ததில்லடி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊர் கூடியது. செவ்வாய்க்கிழமை காப்பு, அதிலிருந்து எட்டு நாள் திருவிழா. கப்பல் கிளம்புவது அடுத்த வாரத் திங்கட்கிழமை. திருவிழாவுக்கு உள்ளேயே.

அக்கா போன் செய்தபோது நான் விடாமல் பேசினேன். "அப்ப நீயும் பாப்பாவும் காப்புக்கு முன்னாடியே கெளம்பி இங்க வந்துடுங்க. கட்டுறப்ப ஊர்ல இல்லாதவங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல? மாமாவுக்குப் பதிலா அம்மா வரட்டும்."

"அவரு சட்டி எடுக்குறப்ப நாங்க இல்லாமயா? அவளுக்காகத்தான எடுக்குறாரு."

"மாமாகிட்ட குடு."

மாமா வாங்கினார். நான் படபடவென்று பேசினேன். கடைசியில் ஒன்று சொன்னேன். "அந்தச் சட்டிய எடுத்தா அவளுக்கு என்னா மாமா கெடைக்கப் போவுது? கப்பல்ல போனா நாலு நாளு சந்தோசமா இருப்பா."

அவர் கோபப்படவில்லை. "கெடைக்கணும்னு எடுக்கல புள்ள. கெடைச்சதுக்கு எடுக்குறேன். தண்ணி வேணும்னு கேட்டாள்ல? அன்னிக்கு வேண்டிக்கிட்டது."

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கட்டங்களில் பாதி கிழிந்துவிட்டன. மீதி ஏழு.

அப்போதாவது டீச்சருக்குப் போன் செய்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அவர் சொன்ன விதியை நோட்டில் எழுதிவைத்தவள் நான். பயணத்தை ரத்து செய்தேன். பணத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும், "அவ குளிக்கப் போறப்ப அந்தக் கார்டையும் அட்டையையும் எடுத்து ஒளிச்சு வெச்சுடுக்கா. கண்ணுல படலன்னா மறந்துடுவா" என்று சொன்னேன். ஒன்பது வருடமாக அவளைத் தெரிந்த நான்தான் சொன்னேன். எந்தக் கொடியில் எந்தத் துண்டு காய்ந்தது என்பதைக்கூட மறக்காத பிள்ளை அவள்.

அக்கா என்னை நம்பி எடுத்துவிட்டாள்.

பாப்பா குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தாளாம். அழவில்லையாம். சுவரில் அட்டை இருந்த இடத்தைக் கையால் தடவினாளாம். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குள் தேடினாளாம். அப்புறம் பட்டையில் இருந்த எல்லாக் கார்டையும் ஒவ்வொன்றாகப் பிய்த்து, பள்ளிக்கூடப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டாளாம். அதற்குமேல் யார் எந்தக் கார்டை நீட்டினாலும் பார்ப்பதில்லை.

நான்காவது நாள் அக்கா சொன்னாள். சத்தமில்லாமல், ஏதோ கடைக்குப் போன விவரம் மாதிரி. "தண்ணிக்குத் திரும்பவும் கையக் கடிக்கிறாடி."

நான் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். காப்பு உள்ளூர்க்காரர்களைத்தான் கட்டுப்படுத்தும், வெளியூர் ஆள் வரலாம், போகலாம். ஆனால் அம்மா, "போயி ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்" என்றபோது, "காப்பு கட்டுன ஊருக்கு நடுவுல போவக் கூடாதும்மா" என்று சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "என்னைக்கிலேருந்துடி நீ இதெல்லாம் பாக்குற?"

மாடிக்குப் போனேன். எந்தச் சம்பிரதாயம் குறுக்கே வந்ததென்று ஒரு வாரமாகப் பொருமினேனோ, அதன் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். கப்பல் கிளம்பும் திங்கட்கிழமை அன்று ஒரு மீட்டிங்கைக்கூட விடாமல் வேலை பார்த்தேன். எல்லோரையும்விட அதிகமாகத் தப்புக் கண்டுபிடித்து அனுப்பினேன்.

சட்டி எடுத்த அன்று யாரோ எடுத்த வீடியோவை அக்கா அனுப்பினாள். மாமா மஞ்சள் வேட்டியில், இரண்டு கையிலும் தீச்சட்டியை ஏந்திக்கொண்டு தெருவில் வருகிறார். மேளம் காதைப் பிளக்கிறது. வீட்டு வாசலில் அக்கா நிற்கிறாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, காதில் நான் வாங்கிக்கொடுத்த ஹெட்ஃபோனோடு பாப்பா. மாமா அவள் முன்னால் வந்து நின்று சட்டியைக் கொஞ்சம் தாழ்த்துகிறார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் சின்னதாக ஒரு துணிக்கட்டு.

அதற்குமேல் மாடியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆனாலும் காப்பு அவிழ்த்த மறுநாள்தான் போனேன். அக்காவும் பாப்பாவும் அரியலூர் மையத்துக்கு வந்திருந்தார்கள். நான் நேராக அங்கே போனேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். நான் போட்டது, ஒட்டியது, ஒளிக்கச் சொன்னது. அக்கா குறுக்கே, "நானுந்தான் டீச்சர் எடுத்தேன்" என்றாள்.

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கப்பல் இல்லன்னு ஆனத அவ தாங்கியிருப்பாம்மா" என்றார். "கார்டுக்கு மேல குறுக்குக் கோடு போட்டு, 'இது இல்ல'ன்னு அவ கண்ணு முன்னாடியே காட்டியிருக்கணும். கத்தியிருப்பா, பொரண்டிருப்பா. ஆனா படம் பொய் சொல்லலன்னு இருந்திருக்கும். நீங்க எடுத்து ஒளிச்சது கப்பல இல்ல."

பிறகு ஒரு வெள்ளை மேசைமேல் தண்ணீர்க் கார்டை வைத்தார். வைத்த கையோடு, ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள், ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். பாப்பா பார்க்கவில்லை. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்ப. "அஞ்சு நிமிசத்துக்குள்ள நடக்கிறத மட்டும் வெய்யுங்க. நாளைக்கி, அடுத்த வாரம், எதுவும் வேணாம். ஆயிரம் தடவ ஆனாலும் சரி."

அன்றிலிருந்து சனி, ஞாயிறு அக்கா வீட்டில் என் வேலை அதுதான். எதையும் வேகமாகச் செய்தே பழகிய எனக்கு, ஒரு வாழைப்பழக் கார்டை வைத்து வாழைப்பழம் கொடுப்பதை ஒரு பகல் முழுக்கச் செய்யும்போது முதலில் உடம்பெல்லாம் அரித்தது. கார்டு, பழம். கார்டு, பழம். மூன்றாவது வாரம் மாமா ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஒரு தண்ணீர்க் கார்டைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். பாப்பா மணிக்கட்டை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் கார்டை எடுத்து அவள் கையில் வைத்து, அவரே திரும்ப வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொடுத்தார். ஏழாவது வாரம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பாப்பா அவர் சட்டைப்பையில் கைவிட்டுக் கார்டை எடுத்து, அவர் மூக்கின்மேல் வைத்தாள். மாமா கண்ணைத் திறக்காமலேயே, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று எழுந்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மார்கழிக்குள் பட்டை மறுபடியும் சுவரில் ஏறிவிட்டது. காலை முதல் மதியம் வரை, பிறகு ஒரு நாள் முழுக்க. அக்கா ஒட்டுகிறாள், மாமா ஒட்டுகிறார், டீச்சர் ஒட்டுகிறார். நடக்கிறது. பாப்பா எடுத்து டப்பாவில் போடுகிறாள்.

"அடுத்த வருசம் பாப்பமாடி, கப்பலு?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"ஊரு கூடட்டுங்க்கா. மாமா சொல்லட்டும்" என்றேன்.

"பெரிய மனுசியாட்டம் பேசுற பாருடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டில் இருந்தேன். பக்கத்து ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நிச்சயமான விஷயம்தான், வெயில் தாழ்ந்துவிட்டது, செருப்பு வாசலில் இருந்தது. நான் ஏரிக் கார்டை எடுத்துப் பட்டையில் ஒட்டினேன். பாப்பா வந்து பார்த்தாள். கார்டைப் பிய்த்தாள். ஆனால் அவள் அதைப் பையில் போடவில்லை. அடுப்படிக்குக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல், அதே இடத்தில் அதை ஒட்டினாள்.

பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

இதுதான் இப்போது வழக்கம். மற்றவர்கள் ஒட்டினால் நேராக நடக்கிறாள். நான் ஒட்டினால் எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்து, அவள் ஒட்டிய பிறகுதான் நம்புகிறாள். நானும் ஒட்டுவதை நிறுத்தவில்லை.